தொட்டிக்குள்ள ஒரு சிவப்பு வில்லன்!

நீமோ மேல ஆசைப்பட்டு, கொளத்தூர் மீன் கடைகளில் பாக்கெட் மணியை எல்லாம் கொட்டி, வீட்டுல கடல் மீன் தொட்டி வெச்சிருக்கிற ஆசாமியா நீங்க? மணல் மேல திடீர்னு ஒரு சிவப்புக் கம்பளம் விரிஞ்சிருக்கா? வரவேற்புனு நினைச்சுடாதீங்க பாஸ், வில்லன் என்ட்ரி அது!

முதல்ல ஆளை அடையாளம் கண்டுபிடிங்க. புதுத் தொட்டியில் பழுப்புப் பவுடர் மாதிரி படியறது டயாட்டம். தண்ணியில் இருக்கிற சிலிகேட் தீர்ந்தா, பெரும்பாலும் தானாவே காலி. கல்லு மேல பச்சை முடி மாதிரி வளர்றது முடிப்பாசி. சிவப்பா, வழவழனு, பாய் மாதிரி உரிஞ்சு வந்தா, அது சயனோபாக்டீரியா. பாசினு பேர் வாங்கினாலும், நிஜத்தில் அது பாக்டீரியா!

எல்லாத்துக்கும் பொதுவான சாப்பாடு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். சப்ளையர் யாருங்கிறீங்க? நாமதான்! மீன் தின்னது போக மிச்சமாகிற தீனி அழுகி, அதுதான் இதுகளுக்கு விருந்து. டெஸ்ட் கிட்ல ‘ஜீரோ’ காட்டுதேனு குஷியாகாதீங்க. இருந்ததைப் பாசியே தின்னு தீர்த்திருக்கலாம்.

என்ன பண்ணலாம்? ரெண்டு நிமிஷத்தில் மீன் தின்னு முடிக்கிற அளவு மட்டும் தீனி போடுங்க. சின்ன டியூப் வெச்சு படலத்தை உறிஞ்சி வெளியே எடுங்க. குழாய்த் தண்ணிக்குப் பதிலா ஆர்.ஓ. தண்ணியில் அக்வேரியம் உப்பு கலந்து, வாராவாரம் 10 சதவிகிதம் மாத்துங்க. லைட் 8 மணி நேரம் போதும். தண்ணி ஓட்டம் இல்லாத மூலையில்தான் வழுக்கல் குடியேறும். அந்தப் பக்கம் பம்ப்பைத் திருப்புங்க. முடிப்பாசியை மேய டர்போ நத்தை கில்லாடி. ஆனா, சிவப்பு வழுக்கலை அது சீண்டாது.

‘எரித்ரோமைசின் போடு மச்சி, ரெண்டே நாள்ல க்ளீன்’னு யாராவது ஐடியா கொடுப்பாங்க. உஷார்! வழுக்கல் சாகும், சரி. அது மொத்தமா அழுகும்போது தண்ணியில் இருக்கிற ஆக்ஸிஜனைக் குடிச்சிடும். மீன் மூச்சுத் திணறும். கழிவைச் சுத்தம் பண்ற நல்ல பாக்டீரியாவும் அடிவாங்கலாம். தீனியைக் குறைக்கலேன்னா, வில்லன் திரும்பவும் வருவான்.

சுமார் 240 கோடி வருஷத்துக்கு முன்னாடியே பூமிக் காற்றில் ஆக்ஸிஜனை ஏத்தின பரம்பரை அது. ஒரே ராத்திரியில் ஓடிடுமா என்ன? சில வாரம் பொறுமையா இருங்க. இன்னிக்கே ஆரம்பிக்கணும்னா, அந்தத் தீனி டப்பாவை முதல்ல மூடி வைங்க!