துடிதுடிப்பான பிள்ளைக்குத் தூண்டும் மருந்தா?

ஓரிடத்தில் இருக்காத பிள்ளைக்கு வைத்தியர் ஊக்கி மருந்து எழுதிக் கொடுத்தால், எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறாரோ என்றுதான் எந்த உம்மாவும் பயப்படுவார். ஆனால் பெரும்பாலும் அந்தப் பிள்ளை அமைதியாகிறது. இது எப்படி?

1937 இல் அமெரிக்காவில் சாள்ஸ் பிராட்லி என்ற வைத்தியர், நடத்தைச் சிக்கலுள்ள 30 பிள்ளைகளுக்குப் பென்செட்ரின் என்ற ஊக்கியை ஒரு வாரம் கொடுத்தார். ஏறத்தாழப் பாதிப் பேர் படிப்பில் வியக்கத்தக்க முன்னேற்றம் காட்டினர். குளிசையை நிறுத்தியதும் பழைய நிலை திரும்பியது. இன்று இதற்கு அதிகம் பயன்படும் மெதில்பெனிடேற் 1944 இல் சுவிற்சர்லாந்தில் தயாரிக்கப்பட்டது. கண்டுபிடித்தவரின் மனைவி றீற்றாவின் பெயரே றிட்டாலின் ஆனது.

நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதிதான் நமது பிறேக். "பொறு, இப்போது வேண்டாம்" என்று சொல்வது அதுவே. அங்கே நரம்புக்கலங்கள் வெளிவிடும் டோபமைனும் நோரட்ரினலினும் மீண்டும் கலங்களுக்குள் உறிஞ்சப்படுகின்றன. மருந்து அந்த வழியை அடைப்பதால் அவை கூடுதல் நேரம் தங்குகின்றன. தூண்டப்படுவது எஞ்சின் மட்டுமல்ல, பிறேக்கும்தான்!

இதை அளக்க ஒரு சோதனை உண்டு. திரையில் அம்புக்குறி தோன்றியதும் பொத்தானை அழுத்த வேண்டும்; இடையில் மணி ஒலித்தால் அழுத்தாமல் கையை நிறுத்த வேண்டும். கவனக்குறைபாடும் மிகைச் செயற்பாடும் உள்ள பிள்ளைகளுக்கு நிறுத்துவதுதான் கஷ்டம். மருந்துடன் அவர்கள் விரைவாக நிறுத்துகிறார்கள்.

"குளிசை கொடுத்துப் பார்ப்போம், அடங்கினால் வருத்தம் உண்டு" என்று சிலர் நினைக்கலாம். அது பிழை. 1978 இல் எவ்விதக் குறைபாடுமற்ற சிறுவர்களுக்கு ஊக்கி கொடுத்தபோது அவர்களும் அசைவு குறைந்து, கூடுதலாகக் கவனித்தார்கள்.

உயர்தரப் பரீட்சைக்கு இரவிரவாக விழித்திருக்கும் எங்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. இந்தக் குளிசை பாடத்தை மூளைக்குள் ஏற்றாது. தூக்கத்தையும் பசியையும் குறைக்கும், இதயத் துடிப்பைக் கூட்டும். படித்தது நினைவில் பதிவதற்கோ தூக்கம் வேண்டும். இன்னொருவருக்கு எழுதிய குளிசையை வாங்கி விழுங்குவது படிப்புக்கே எதிரி.

வீட்டில் மட்டும் குழப்படி செய்யும் பிள்ளைக்கு இந்தக் குறைபாடு இருப்பதாக வைத்தியர்கள் முடிவு செய்வதில்லை. வீட்டிலும் பாடசாலையிலும், ஆறு மாதமாவது, அதுவும் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ஆகவே வைத்தியரிடம் போகும் பெற்றோர், வகுப்பாசிரியையிடம் ஒரு குறிப்பு எழுதி வாங்கிக்கொண்டு போவது நல்லது.