விளையாட்டு நிர்வாகமும் ஒரு தொழிலே

சென்ற ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, நம் வட்டாரத்தைச் சேர்ந்த விவசாயி ஒருவர் நிலப் பத்திரத்தைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு அலுவலகத்திற்கு வந்தார். ஏதோ கடன் மனுவாக இருக்கும் என்று நாம் எண்ணினோம். அவர் கேட்டதோ வேறு.

“ஐயா, விளையாட்டை நிர்வாகம் செய்வதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறதாமே? பையன் அதைத்தான் படிப்பேன் என்கிறான். பட்டணத்தில் ஒரு தனியார் நிலையத்தில் நான்கு இலட்ச ரூபாய் கேட்கிறார்கள். வேலை நிச்சயம் என்கிறார்கள். ஒன்றரை ஏக்கர் நஞ்சையை அடகு வைக்கலாமா?”

அவருடைய மகன் பட்டதாரி. கல்லூரிக் கபடிக் குழுவில் ஆடியவர். முழங்காலில் தசைநார் அறுந்து, சிகிச்சைக்குப் பின் களத்தில் இறங்க முடியாதவராகிவிட்டார். அன்று நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. பின்னர் விசாரித்து அறிந்தவற்றை, இதே கேள்வி எழுந்துள்ள பிற குடும்பங்களுக்கும் பயன்படும் என்று கருதி இங்கு எழுதுகிறோம்.

தேர்த் திருவிழாவுக்குப் போகிறவர்கள் சுவாமியைத் தரிசித்துத் திரும்பிவிடுகிறோம். வடம் சரியாக இருக்கிறதா, முட்டுக்கட்டை போட ஆள் நிற்கிறாரா, தண்ணீர்ப் பந்தல் எங்கே, வசூலான பணத்திற்குக் கணக்கு யார் என்பவற்றை வேறு சிலர் கவனிக்கின்றனர். விளையாட்டிலும் அவ்வாறே. ஆடுபவர் ஒருவர், பயிற்சி தருபவர் மற்றொருவர், ஆட்டம் குறித்த நேரத்தில், குறித்த செலவில், ஆபத்தின்றி நடக்கும்படி செய்பவர் மூன்றாமவர். இம்மூன்றாமவரின் வேலைதான் விளையாட்டு நிர்வாகம்.

இது தனிப் படிப்பானது அமெரிக்க நாட்டில். பேஸ்பால் குழு ஒன்றின் தலைவரான வால்டர் ஓ’மாலி என்பவர், விளையாட்டரங்கம் போன்றவற்றை நடத்தத் தெரிந்தவர்களை எங்கே தேடுவது என்று ஜேம்ஸ் மேசன் என்ற பேராசிரியரிடம் 1957-இல் கேட்டார். அக்கேள்வியின் பலனாக 1966-இல் ஓஹையோ பல்கலைக்கழகத்தில் முதுநிலை வகுப்பு தொடங்கிற்று. நம் நாட்டில் அதற்கு முன்பே உடற்கல்விக்கு நிலையங்கள் இருந்தன. சென்னையில் ஹாரி குரோ பக் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி 1920-இலும், குவாலியர் கல்லூரி 1957-இலும், பாட்டியாலா தேசிய விளையாட்டு நிலையம் 1961-இலும் தோன்றின. ஆனால் அவை ஆசிரியர்களையும் பயிற்சியாளர்களையும் உருவாக்குவதற்காக ஏற்பட்டவை. 2008-இல் ஐ.பி.எல். கிரிக்கெட்டும், 2014-இல் புரோ கபடியும் தொடங்கிய பிறகே நிர்வாகிகளுக்கான தேவை நம்மிடையே பெரிதும் உணரப்பட்டது. 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைந்த தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில், மேலக்கோட்டையூரில், விளையாட்டு நிர்வாகமும் பாடமாக உள்ளது.

இப்படிப்பை முடித்தவர் என்ன செய்வார்? ஒரு குழுவின் பயணம், உணவு, தங்குமிடம் ஆகியவற்றைக் கவனிக்கலாம். மைதானத்தைப் பராமரிக்கலாம். விளம்பரதாரர்களிடம் ஒப்பந்தம் பேசலாம். நுழைவுச் சீட்டு விற்பனை, பள்ளிகளின் விளையாட்டுப் பிரிவு, உபகரண வியாபாரம் என்று இன்னும் சில உண்டு. ஒன்றை மறைக்காமல் கூறிவிட வேண்டும். ஆண்டு முழுவதும் சம்பளம் தரும் இடங்கள் குறைவு. பல வேலைகள் பந்தயப் பருவத்தோடு முடிந்துவிடும். மேலும், பெற்றோர் பலர் இதனைப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் வேலைக்கான படிப்பு என்று எண்ணுகின்றனர். அது தவறு. அவ்வேலைக்கு உடற்கல்வியில் ஆசிரியர் பயிற்சிப் பட்டம் வேண்டும். நிர்வாகப் பட்டம் அதற்கு ஈடாகாது.

இத்தொழில் தனக்கு ஏற்றதா என்பதை ஓர் இளைஞர் நான்கு இலட்சம் கட்டித்தான் அறியவேண்டும் என்பதில்லை. தம் ஊர்ப் பந்தயத்தை நடத்திப் பார்த்தாலே போதும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் பொங்கலை முன்னிட்டுக் கபடிப் பந்தயம் நடந்தது. 22 குழுக்கள் வந்தன. களம் ஒன்றே. இரவு 7 மணிக்குத் தொடங்கினார்கள். விடிந்தும் முடியவில்லை. மறுநாள் உச்சி வெயிலில் ஒரு வீரர் மயங்கி விழுந்தார். இறுதி ஆட்டம் நடைபெறாமலே பரிசுப் பணம் பற்றிச் சச்சரவு எழுந்தது. தொடக்க விழாவில் நாமும் மாலை வாங்கிக்கொண்டு திரும்பியவர்தாம். ஆட்ட அட்டவணை எங்கே என்று நாமும் கேட்கவில்லை.

கணக்குப் போட்டிருந்தால் இது முன்கூட்டியே தெரிந்திருக்கும். தோற்ற குழு விலகும் முறையில், குழுக்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்தால் ஆட்டங்களின் எண்ணிக்கை கிடைக்கும். ஆகவே 22 குழுக்களுக்கு 21 ஆட்டங்கள். ஆடவர் கபடி இருபது நிமிடமாக இரு பகுதிகள். இடையே ஐந்து நிமிட ஓய்வு. குழுக்கள் மாறுவதையும் சேர்த்தால் ஓர் ஆட்டத்திற்கு ஒரு மணி நேரம் ஆகிவிடும். ஒரே களமென்றால் 21 மணி நேரம். அதாவது மறுநாள் மாலை 4 மணி. (ஒவ்வொரு குழுவும் மற்றெல்லாக் குழுக்களுடனும் மோதும் லீக் முறையை வைத்தால் 231 ஆட்டங்கள் ஆகும். அதைப் பற்றி எண்ணவே வேண்டாம்.)

சரியான வழி இதுவாகும். 22-க்கு மேல் வரும் இரட்டிப்பு எண் 32. வித்தியாசம் 10. எனவே சீட்டுக் குலுக்கி 10 குழுக்களை முதற்சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்கு அனுப்பவேண்டும். ஆட்டக்காரர்கள் இதனைப் ‘பை’ என்பர். மீதி 12 குழுக்களுக்கு 6 ஆட்டங்கள். வென்ற ஆறும், காத்திருந்த பத்தும் சேர்ந்து 16 குழுக்கள். அவற்றுக்கு 8 ஆட்டங்கள். இந்தப் பதினான்கையும் இரு களங்களில் நடத்தினால் மாலை 6 மணிக்குத் தொடங்கி நள்ளிரவு 1 மணிக்கு முடிக்கலாம். கால் இறுதி முதலான 7 ஆட்டங்களை மறுநாள் மாலைக்கு வைத்தால் பெண்களும் குழந்தைகளும் இருந்து பார்க்க முடியும். ஆடவர் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். மகளிர்க்கு 12-க்கு 8. சுற்றிலும் காலியிடம் விடவேண்டும்.

பார்வையாளர் மேடையைப் பற்றி ஊராட்சி உறுப்பினர்கள் தனியே கவனம் கொள்ளவேண்டும். 2021 மார்ச் மாதத்தில் தெலங்கானா மாநிலம் சூர்யாபேட்டையில், தேசிய இளையோர் கபடிப் போட்டியின்போது தற்காலிக மேடை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். சவுக்குக் கம்பும் கயிறும் கொண்டு கட்டிய மேடையில் எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் பொறியாளரிடம் கேட்டு எழுதி வாங்கவேண்டும். அதற்கு வழியில்லையெனில் எல்லோரும் தரையில் அமர்ந்து பார்க்கட்டும். காவல் நிலைய அனுமதி, முறையான மின் இணைப்பு, முதலுதவி, 108 வண்டி உள்ளே வரும் பாதை ஆகியவற்றை முன்னதாகவே ஏற்பாடு செய்யவேண்டும். 2024-இல் அரசாங்கம் கிராம ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணத் தொகுப்பு வழங்கியது. நம் வட்டாரத்தில் இரண்டு ஊர்களில் அது பூட்டிய அறையிலேயே இருந்தது. சாவி யாரிடம் என்பதை அறியவே ஒரு நாள் பிடித்தது. படித்த இளைஞர் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்து, ஒரு பதிவேடும் வைத்து, கணக்கைக் கிராம சபையில் படிக்கச் செய்தால் உபகரணமும் பயன்படும், இளைஞரும் தொழில் பழகுவார்.

பத்திரத்தோடு வந்தவருக்கு நாம் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தோம். பட்டம் தரும் பல்கலைக்கழகம் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் பெற்றதா? சென்ற இரண்டு ஆண்டுகளில் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? ‘வேலை நிச்சயம்’ என்பதை எழுத்தில் தருவீர்களா? அவர் நேரில் சென்று கேட்டுவிட்டு வந்தார். முதற் கேள்விக்குச் சுற்றி வளைத்து விடை சொன்னார்களாம். மற்ற இரண்டிற்கும் விடையே இல்லை. பத்திரம் வீட்டுக்குத் திரும்பிற்று.

மகன் அவ்வாண்டுப் பொங்கல் பந்தயத்தைத் தாமே பொறுப்பேற்று நடத்தினார். இரண்டு களம், இரண்டு இரவு. செலவு போக மீந்த 1,840 ரூபாய்க்கு ரசீது இருந்தது. இப்பொழுது அரசாங்கப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பம் தயாரிக்கிறார். முன் அனுபவம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று நம்மிடம் கேட்டார். அந்த வரவு செலவுக் கணக்கின் நகலையும் ஆட்ட அட்டவணையையும் இணைக்கும்படி சொல்லியிருக்கிறோம்.