ஒரே தெருவை இருவர் வரைந்தால்?

மதுரைக்காரர் ஒருவர், இணைய வரைபடத்தில் தன் வீட்டுத் தெரு கோணலாக இருப்பதைப் பார்த்து அதை நேராக்கிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே நேரம் ஜெர்மனியில் இருக்கும் இன்னொருவர், செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து அதே தெருவுக்கு ஒரு வளைவு சேர்க்கிறார். சில நிமிட இடைவெளியில் இருவரும் ‘சேமி’ பொத்தானை அழுத்துகிறார்கள். எது நிற்கும்?

உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இதற்கு விடை எளிமையானது. தெரு, கிணறு, கோயில் என்று வரைபடத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு. இருவரும் எடுத்துத் திருத்தியது 3-ஆம் பதிப்பு. முந்திக்கொண்டவரின் மாற்றம் ஏறியதும் அது 4-ஆம் பதிப்பாகிவிடும். பிந்தி வந்தவர் இன்னமும் 3-ஐக் கையில் வைத்திருப்பதால் சர்வர் வாங்க மறுக்கும்: ‘நீங்கள் எடுத்த பிறகு இது மாறிவிட்டது, புதியதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.’ எந்தத் தெருவையும் யாரும் பூட்டி வைப்பதில்லை. மோதல் வரும்போது மட்டும் கணினி தடுக்கிறது. அதைத் தீர்ப்பது மனிதர் பாடு.

கோடு போடும் மென்பொருளை ஒரு நல்ல பொறியாளர் சில வாரங்களில் எழுதிவிடலாம். முன்பின் தெரியாத லட்சக்கணக்கானோர் ஒரே வரைபடத்தில் கைவைத்தும் அது குலையாமல் பார்த்துக்கொள்வதுதான் பாடு. கூட்டு வரைபடக் கருவிகளின் 20 ஆண்டு வரலாறு பெரும்பாலும் இந்தப் பாட்டின் வரலாறுதான்.

ஸ்டீவ் கோஸ்ட் 2004-இல் லண்டனில் இந்தத் திட்டத்தைத் தொடங்கினார். பிரிட்டனின் அரசு நிலஅளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் தரவைப் பயன்படுத்தக் கட்டணமும் பதிப்புரிமைக் கட்டுப்பாடும் இருந்த காலம் அது. ‘நாமே ஜிபிஎஸ் கருவியோடு தெருத்தெருவாகப் போய் வரைந்தால் என்ன?’ என்பதுதான் யோசனை. வரைபடம் என்றாலே அரசின் சொத்து, ராணுவத்தின் சொத்து என்ற பழக்கம் நமக்கும் புதிதல்ல. 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே நிலஅளவையாளர் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் முக்கோண அளவை கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலை. இந்தியாவில் வரைபடத் தரவு சேகரிக்க முன்அனுமதி பெறும் கட்டாயத்தை உள்நாட்டினருக்குத் தளர்த்திய வழிகாட்டுதல்கள் வந்தது 2021 பிப்ரவரியில்தான்.

கோஸ்டும் கூட்டாளிகளும் எடுத்த முதல் பெரிய முடிவு, தரவை எப்படி எழுதி வைப்பது என்பது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அடிப்படைப் பொருட்கள் மூன்றே: புள்ளி, புள்ளிகளைக் கோத்த கோடு, இவற்றைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு. ஒரு பேருந்துத் தடம், பல தெருக்கோடுகளையும் பல நிறுத்தப் புள்ளிகளையும் கொண்ட தொகுப்பு. மூடிய கோடு, கட்டடமாகவோ குளமாகவோ ஆகலாம். அது எது என்பதைச் சொல்வது ‘டேக்’ எனப்படும் குறிச்சொல்: இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் ஒரு மதிப்பு, அவ்வளவுதான்.

எந்தக் குறிச்சொல்லை எழுத வேண்டும் என்று சர்வர் கட்டளையிடுவதில்லை. யாரும் எதையும் எழுதலாம். அனுபவமுள்ள தரவுத்தளப் பொறியாளருக்கு இதைக் கேட்டாலே தலை சுற்றும். ஆனால், முன்கூட்டியே ஒரு பட்டியல் போட்டு இதில் உள்ளதை மட்டும் வரையலாம் என்று சொல்லியிருந்தால், சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்தையோ, தெருக்குழாயையோ, ஒற்றை மரத்தையோ வரைய ஒவ்வொரு முறையும் லண்டனில் அனுமதி கேட்க வேண்டியிருந்திருக்கும். தேவைப்பட்டவர்கள் எழுதினார்கள், அதைப் பார்த்து மற்றவர்கள் எழுதினார்கள், வழக்கம் உருவானது. விலையும் இல்லாமல் இல்லை. சாலை வகைகள் பிரிட்டன் சாலைகளைப் பார்த்து வைத்த பெயர்கள், அவை உலகம் முழுவதற்கும் பொதுவாகிவிட்டன. நம் ஏரி, கண்மாய், ஊருணி, தெப்பக்குளம் எல்லாம் பெரும்பாலும் ‘குளம்’ அல்லது ‘நீர்த்தேக்கம்’ என்ற இரண்டு பெட்டிகளில் போய் விழுகின்றன. ஆண்டில் பாதி நாள் வறண்டு கிடப்பதைச் சொல்லவாவது ஒரு குறிச்சொல் இருக்கிறது என்பது ஆறுதல்.

2009 ஏப்ரலில் வந்த ஆறாவது ஏபிஐ-யில், அதாவது கருவிகள் சர்வரோடு பேசும் முறையின் புதிய வடிவத்தில், ‘மாற்றத்தொகுதி’ நுழைந்தது. ஒருவர் ஒரே அமர்வில் செய்த திருத்தங்கள் ஒரு கட்டாகப் பதிவாகும். என்ன செய்தோம் என்று ஒரு வரிக் குறிப்பு எழுதலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது எவரும் பார்க்கும்படி இருக்கும், அழியாது. இந்தப் பதிவேடு எவ்வளவு பெரிய சொத்து என்பது 2012-இல் தெரிந்தது. அந்த ஆண்டு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன் உரிமத்தை மாற்றியது. புதிய உரிமத்தை ஏற்காதவர்களின் பங்களிப்பு வரைபடத்தில் இருக்கக் கூடாது. ஒவ்வொரு புள்ளியின் முழு வரலாற்றையும் படித்து, அவர்கள் கை பட்டதை மட்டும் நீக்க ஒரு தானியங்கி நிரல் எழுதினார்கள். சில நாடுகளில் வரைபடம் ஆங்காங்கே ஓட்டையானது. வரலாறு மட்டும் சேமிக்கப்படாமல் இருந்திருந்தால் மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியிருந்திருக்கும்.

சர்வர் இப்படி ஒழுங்கானது. வரைபவர் கையில் என்ன இருந்தது? தொடக்கத்தில் இரண்டு முகாம்கள். ஒன்று ஜோஸ்ம்: ஜாவாவில் எழுதப்பட்டு, கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் கனமான கருவி. மாற்றங்களை மொத்தமாகச் செய்யலாம், நீட்சிகள் ஏராளம், இன்றும் தேர்ந்தவர்களின் கையில் இருப்பது. முதல் முறை திறந்து பார்ப்பவருக்கோ விமான ஓட்டியின் அறைக்குள் வந்துவிட்டது போலிருக்கும். இன்னொன்று ரிச்சர்ட் ஃபேர்ஹர்ஸ்ட் எழுதி 2007-இல் வந்த பாட்லாட்ச். உலாவியிலேயே ஓடியது, ஃபிளாஷில் எழுதப்பட்டது. அதன் முதல் வடிவத்தில் செய்த மாற்றம் அந்தக் கணமே உண்மையான வரைபடத்துக்குப் போய்விடும். ‘சேமி’ என்ற படியே கிடையாது. புதியவர்கள் பழகிப்பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நிஜ ஊர்களின் சாலைகளை இழுத்துப் போட்ட கதைகள் அந்தக் காலத்தில் நிறைய.

2012 செப்டம்பரில் அமெரிக்காவின் நைட் அறக்கட்டளை, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கருவிகளை மேம்படுத்த மேப்பாக்ஸ் குழுவுக்கு 5.75 லட்சம் டாலர் கொடுத்தது. அந்தப் பணத்தில் உருப்பெற்று 2013 மே மாதம் தளத்தில் ஏறியதுதான் ஐடி என்ற திருத்தக் கருவி. (நம் ஐ.டி. துறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) முழுக்க ஜாவாஸ்கிரிப்ட். இதன் சூட்சுமம், குறிச்சொற்களை மறைத்து வைத்ததில் இருக்கிறது. ஒரு புள்ளி வைத்தால், ‘டீக்கடையா, பள்ளியா, மருந்துக்கடையா?’ என்று படங்களோடு ஒரு பட்டியல் விரியும். தேர்ந்தெடுத்ததும் பெயர், திறந்திருக்கும் நேரம் என்று நிரப்பக் கட்டங்கள் வரும். சரியான குறிச்சொற்களை உள்ளே கருவியே எழுதிக்கொள்ளும். அதற்கு முன் குறிச்சொற்களை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் வரைந்தார்கள். ஐடி வந்த பிறகு தெருவைத் தெரிந்தவர்கள் வரையத் தொடங்கினார்கள்.

சர்வரில் இல்லாத அதிகாரம் இப்போது வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது. யாரும் எதையும் எழுதலாம் என்பது விதி. ஆனால் பெரும்பாலோர் ஐடி காட்டும் பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால், அந்தப் பட்டியலை எழுதும் சிலரே நடைமுறையில் உலகத்தின் குறிச்சொல் வழக்கத்தைத் தீர்மானிக்கிறார்கள். 2019-ஐ ஒட்டி இதில் பெரிய சண்டை நடந்தது. ‘இந்தப் பழைய குறிச்சொல்லை மாற்றுங்கள்’ என்று ஐடி தானாகப் பரிந்துரைக்கத் தொடங்கியபோது, ‘உங்களிடம் யார் கேட்டது?’ என்று மூத்த வரைஞர்கள் கொதித்தார்கள். பட்டியலைக் கருவியிலிருந்து பிரித்துத் தனித் திட்டமாக்கினார்கள். என் பார்வையில் அது தாமதமாக வந்த நல்ல முடிவு. திறமூலம் என்றால் நிரல் திறந்திருப்பது மட்டும் போதாது, முடிவெடுக்கும் இடமும் திறந்திருக்க வேண்டும் என்பதை அந்தச் சண்டைதான் வெளிக்கொண்டுவந்தது.

கைப்பேசியில் ஐடிக்கு நேர்மாறான வழியை ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலி எடுத்தது. அதில் கோடு போடும் வேலையே கிடையாது. நடந்து போகும்போது கேள்வி கேட்கும்: ‘இந்தத் தெருவில் விளக்கு இருக்கிறதா?’ ‘இந்தக் கட்டடம் எத்தனை மாடி?’ பதிலைத் தட்டினால் போதும்.

கூடி வரைவதன் நெருக்கடி முழு உருவில் வந்தது ஐடிக்கும் முன்பே, 2010 ஜனவரி 12 அன்று. ஹைட்டியில் 7.0 அளவு நிலநடுக்கம். தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் வரைபடம் அப்போது சில முக்கியச் சாலைகளோடு ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. செயற்கைக்கோள் நிறுவனங்கள் படங்களைத் திறந்துவிட, பல நாடுகளிலிருந்து 600-க்கும் மேற்பட்டோர் உட்கார்ந்து தெருக்களையும் இடிந்த கட்டடங்களையும் முகாம்களையும் வரைந்தார்கள். மீட்புக் குழுவினர் அதைத் தங்கள் ஜிபிஎஸ் கருவிகளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது ஹாட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மனிதாபிமான வரைபடக் குழு.

அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் ஒரே ஊரில் இறங்கினால், ஒரே பகுதியை ஐந்து பேர் வரைவார்கள். பக்கத்துப் பகுதியை ஒருவரும் தொட மாட்டார்கள். பதிப்பு எண்ணால் இதைத் தீர்க்க முடியாது. இதற்கென்று ஹாட் உருவாக்கிய கருவிதான் டாஸ்கிங் மேனேஜர். வரைய வேண்டிய நிலப்பரப்பை அது பாத்தி கட்டுவது போலச் சதுரங்களாகப் பிரிக்கும். தன்னார்வலர் ஒரு சதுரத்தை எடுத்தால் அது அவருக்குப் பூட்டப்படும்; இரண்டு மணி நேரத்தில் முடிக்காவிட்டால் பூட்டு தானே திறந்துகொள்ளும். (எடுத்துவிட்டு டீ குடிக்கப் போனவர் திரும்பாமலே போய்விடுவார் என்பதை உணர்ந்த யாரோதான் இதைச் சேர்த்திருக்க வேண்டும்.) முடித்ததும் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திடுவார். கட்டடங்கள் அதிகமாக இருந்தால் சதுரத்தை மேலும் நான்காக உடைக்கலாம். 2013-இல் பிலிப்பைன்ஸைத் தாக்கிய ஹையான் புயலின்போதும், 2015 நேபாள நிலநடுக்கத்தின்போதும் இந்த முறையில்தான் வேலை நடந்தது.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது வேறொரு கேள்வி எழுந்தது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடித்தளமாக வைத்து ஒரு வெள்ள வரைபடம் வந்தது. தன் தெருவில் தண்ணீர் நிற்கிறதா, அந்தத் தெருக்கோட்டைத் தொட்டுக் குறித்துவிடலாம். ஆனால் ‘இங்கே தண்ணீர்’ என்ற தகவல் மூல வரைபடத்துக்குள் போகவில்லை, தனி அடுக்காக மேலே நின்றது. நாளை வடிந்துவிடும் நீருக்கு அங்கே இடமில்லை, நாளை மறுநாள் போய்ப் பார்த்தாலும் இருக்கக்கூடியதே அங்கே நுழையலாம். பேரிடர் நேரத்தில் இப்படிப் பிரித்து வைக்கத் தெரிந்திருப்பது கருவியைக் கட்டுபவரின் முதல் கடமை. இல்லையென்றால் 2015 வெள்ளம் 2016-இலும் வரைபடத்தில் நின்றுகொண்டிருக்கும்.

திறந்து வைத்த கதவு என்றால் விஷமிகளும் வருவார்கள். 2018 ஆகஸ்டில் ஒருவர் நியூயார்க் நகரத்தின் பெயரை யூத வெறுப்புச் சொல்லாக மாற்றினார். தன்னார்வலர்கள் அதைச் சில மணி நேரத்திலேயே கண்டு திருத்திவிட்டார்கள். ஆனால் அந்த மாதக் கடைசியில் அதே சொல் ஸ்னாப்சாட் முதல் நகரின் வாடகை சைக்கிள் செயலி வரை காட்சியளித்தது. வரைபடத்தை இந்தச் செயலிகளுக்குக் கொண்டுசேர்த்த மேப்பாக்ஸ் நிறுவனத்தின் சோதனைக் கட்டமைப்பு அதைச் சந்தேகப்பட்டு நிறுத்தியும், மனிதத் தவறால் வெளியே போய்விட்டது. திறந்த வரைபடம் ஆபத்தானது என்று அப்போது சிலர் எழுதினார்கள். நடந்ததை வரிசையாகப் பார்த்தால், திறந்த பக்கத்தில் காயம் உடனே ஆறியிருந்தது, மூடிய குழாயில்தான் அது தங்கியிருந்தது.

அதே மேப்பாக்ஸ் 2020 டிசம்பரில், உலாவியில் வரைபடம் வரையும் தன் புகழ்பெற்ற நிரலின் அடுத்த பதிப்பைத் திறமூலமாக வெளியிடப் போவதில்லை என்று அறிவித்தது. கடைசித் திறந்த பதிப்பை எடுத்துக்கொண்டு சில நாட்களில் கிளம்பியதுதான் மேப்லிப்ரே. இன்று பல நிறுவனங்கள் சேர்ந்து அதைப் பராமரிக்கின்றன. கீவ் நகரப் பொறியாளர் வொலோதிமிர் அகாஃபோன்கின் 2011-இல் வெளியிட்ட லீஃப்லெட், ஏறத்தாழ 40 கிலோபைட் மட்டுமே எடையுள்ள நிரல், இன்னும் எண்ணற்ற தளங்களில் வரைபடத்தைத் தாங்கி நிற்கிறது. இவற்றைத் தினமும் பயன்படுத்துபவர்களில் பெரும்பாலோருக்கு இந்தப் பெயர்கள் தெரியாது.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு தனிக் கணக்கு பாக்கி இருக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓர் ஊருக்கு எத்தனை மொழியிலும் பெயர் எழுதலாம். தமிழுக்குத் தனிக் கட்டம் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் முதன்மைப் பெயர்க் கட்டத்தில் பெரும்பாலும் ஆங்கிலமே இருக்கிறது. சர்வரில் படமாகவே வரைந்து அனுப்பும் வழக்கமான பாணி அந்த முதன்மைக் கட்டத்தை மட்டும் பார்க்கிறது. தன்னார்வலர்கள் தட்டச்சிட்ட தமிழ்ப் பெயர்கள் தரவில் இருந்தும் வரைபடத்தில் தெரிவதில்லை. மேப்லிப்ரே போன்ற புதிய முறையில், எந்த மொழிப் பெயரைக் காட்டுவது என்று பார்ப்பவரே தேர்ந்தெடுக்கலாம். அங்கே வேறு தடை இருந்தது. இந்த நிரல்கள் ஒவ்வொரு எழுத்துக் குறியையும் தனித்தனிப் படமாக அடுக்கிப் பெயரை எழுதின. ஆங்கிலத்துக்கு அது போதும். நம் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் கணினியில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படுகின்றன, ஆனால் எழுத்தில் அதற்கு முன்னால் தெரிய வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்யாத நிரலில் ‘கெ’ என்பது ககரத்துக்குப் பின்னால் தொங்கும் கொம்பாக வரும். பழைய பட முறையின் மேப்னிக் நிரல் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக்கோப்பு நூலகத்தைச் சேர்த்துக்கொண்டு இதைத் தீர்த்துவிட்டது. அரபிக்காகப் புதிய முறையில் ஒரு நீட்சி எழுதினார்கள். இந்திய எழுத்துகளும் கெமரும் பர்மியமும் பல ஆண்டுகள் வரிசையில் நின்றன. மொழியைத் தேர்ந்தெடுக்க முடியாத முறையில் தமிழ் எழுத்து சரியாக வந்தது, தேர்ந்தெடுக்க முடிகிற முறையில் அது உடைந்து வந்தது. இதற்கான நிரல் எவரும் திறந்து படித்துத் திருத்தம் அனுப்பக்கூடிய இடத்தில்தான் இருக்கிறது. எழுத்துருவும் வரைகலையும் தெரிந்த தமிழ்ப் பொறியாளர்களுக்கும் சென்னையில் குறைவில்லை.