தலையும் தோலும் குப்பை இல்லை... ஐஸ்லாந்து மீன் சொல்லும் கணக்கு!

மார்க்கெட்டில் மீன் வெட்டித் தரும்போது செதில், குடல், தோல் எல்லாம் ஓரமாகக் குவிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குவியலுக்கு என்ன விலை? 'குப்பைக்கு ஏதுங்க விலை' என்போம். ஐஸ்லாந்தில் கேட்டால் பதிலே வேறு.

வட அட்லான்டிக்கில் இருக்கும் இந்தக் குட்டித் தீவு நாட்டின் முக்கியமான மீன், காட். தோலும் முள்ளும் நீக்கினால், கிடைக்கும் சதை மீனின் எடையில் பாதிகூடத் தேறாது. மீதி?

தலை முதல் தோல் வரை

தலைகளையும் முள்ளையும் பூமிக்கடியில் கிடைக்கும் வெப்பத்தில் உலர்த்துகிறார்கள். அவை நைஜீரியாவுக்குக் கப்பலேறி, அங்கே வீடுகளில் சூப்பாகின்றன. ஈரல், எண்ணெயாகிறது. தோலிலிருந்து கொலாஜன் எடுக்கிறார்கள்.

இசாஃபியோர்துர் என்ற சிறிய துறைமுக ஊரில் வளர்ந்த கெரெசிஸ் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. தீக்காயத்துக்கும், சர்க்கரை நோயாளிகளின் ஆறாத புண்ணுக்கும் காட் மீனின் தோலையே மருந்தாக்கியது. மாடு, பன்றியின் திசு என்றால் நோய்க்கிருமிக்குப் பயந்து கடுமையாகச் சுத்திகரிக்க வேண்டும். குளிர்கடல் மீனின் தோலுக்கு அவ்வளவு தேவையில்லை. அதனால் தோலின் இயல்பான அமைப்பு கெடாமல் இருக்கிறது. 2023-ல் டென்மார்க்கின் கோலோபிளாஸ்ட், 130 கோடி டாலர் வரை விலை பேசி இந்த நிறுவனத்தை வாங்கியது.

சட்டம் செய்த வேலை

இதெல்லாம் வெறும் புத்திசாலித்தனத்தால் வந்ததல்ல. 1980-களின் தொடக்கத்தில் காட் மீன்வரத்து சரிந்தது. 1984-ல் ஒவ்வொரு படகுக்கும் இவ்வளவுதான் என்று அரசு அளவு கட்டியது. பிடித்த மீனைக் கடலிலேயே வீசிவிட்டு வரவும் சட்டம் அனுமதிப்பதில்லை. கூடுதலாகப் பிடிக்க வழியில்லை என்றால், பிடித்த மீனிலிருந்தே கூடுதலாகச் சம்பாதிக்க வேண்டும். அந்த நெருக்கடிதான் தலைக்கும் தோலுக்கும் விலை வைத்தது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பிடிக்கும் உரிமையை விற்கலாம் என்று ஆனதும், அது பெரிய நிறுவனங்களிடம் குவிந்தது. சிறிய கடலோர ஊர்கள் பிழைப்பை இழந்தன. இரண்டு மீனவர்கள் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார்கள். இந்த முறை பாகுபாடானது என்று 2007-ல் குழு சொன்னது.

நம் இறால் ஓடு

நம் ஊரிலிருந்து ஏற்றுமதியாகும் இறாலிலும் இதே கதைதான். தலையும் ஓடும் சேர்ந்தால் எடையில் பாதியை நெருங்கும். அந்த ஓட்டிலிருந்து கைட்டோசான் என்ற பொருளை எடுக்கலாம். தண்ணீரைச் சுத்திகரிக்கவும், காயத்துக்குக் கட்டுப் போடவும் அது உதவும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கான தொழில்நுட்பத்தைப் பல ஆண்டுகளாகவே வைத்திருக்கிறது.

ஆக, வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. ஓட்டுக்கு விலை கிடைக்கும் நாளில், விரல் மரத்துப்போக இறால் உரிக்கும் பெண்களின் கூலியும் ஏறுமா? ஐஸ்லாந்திடம் கற்றுக்கொள்ளும்போது, அவர்கள் கோட்டைவிட்ட அந்தப் பாடத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்வோம்!