முன்தகுதி: படியா, வேலியா?
(லூத்தரன் உயர்நிலைப் பள்ளிகளின் கணிதப் பாட வரிசையைப் பற்றிய ஓர் ஆய்வு)

அமெரிக்க நாட்டில் திருச்சபையின் சார்பில் நடைபெறும் லூத்தரன் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் பாடக் கையேட்டைப் புரட்டுவோர், கணிதப் பகுதியில் ஒரு தனித்தன்மையைக் காண்பர். ஏறத்தாழ ஒவ்வொரு பாடத்தின் பெயருக்குக் கீழும் 'முன்தகுதி' என்றொரு வரி அச்சிடப்பட்டிருக்கும். இன்ன பாடத்தைப் பயில விரும்பும் மாணவர் அதற்கு முன் இன்ன பாடத்தில் தேறியிருத்தல் வேண்டும் என்பதே அவ்வரியின் பொருள். சில பாடங்களுக்குக் குறிப்பிட்ட தரத்திற்குக் குறையாத மதிப்பெண்ணும், முந்தைய ஆசிரியரின் பரிந்துரையும் கேட்கப்படும்.

மேலெழுந்தவாரியாக நோக்கின் இவை வெறும் அலுவலக விதிகளே. ஆயினும் பன்னிரண்டு வயதுச் சிறுவர் சிறுமியரின் பிற்கால வாழ்வை இவ்வரிகள் பெரிதும் வரையறுக்கின்றன. இவை எவ்வாறு தோன்றின, எவ்வாறு இயங்குகின்றன, எந்த அளவிற்கு நியாயமானவை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆம்பூர், நாகர்கோவில் பகுதிகளில் பள்ளிகளை நிறுவிய மிசூரி மறைப்பணியை நாம் அறிவோம். அம்மறைப்பணியை அனுப்பிய சபையாரின் பள்ளிகளையே இங்குச் சிறப்பாகக் கருத்திற் கொள்கிறோம்.

1. சீர்திருத்த மரபும் கணிதமும்

திருச்சபைப் பள்ளிக்கும் கணிதத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். தொடர்பு தொடக்கத்திலிருந்தே உண்டு. லூத்தர் 1524ஆம் ஆண்டு ஜெர்மானிய நகர மன்றத்தாருக்கு எழுதிய திருமுகத்தில், சிறுவருக்கும் சிறுமியருக்கும் பள்ளிகளை ஏற்படுத்துமாறு வற்புறுத்தினார். தமக்குப் பிள்ளைகள் இருப்பின் அவர்கள் கற்க வேண்டியவை எவை என்று அதில் அவர் கூறுகையில், மொழிகள், வரலாறு, இசை ஆகியவற்றோடு கணிதம் முழுவதையும் சேர்த்தே எண்ணினார். அவருடைய உடனுழைப்பாளர் மெலாங்க்தன், 1536இல் எண்கணிதத்தைப் போற்றி ஓர் உரை எழுதினார். அதனை விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் வழங்கியவர் இளங்கணித அறிஞர் ரேடிக்கஸ். கணிதம் கடினமானது என்னும் அச்சத்தால் மாணவர் விலகி நிற்றலாகாது, அதன் தொடக்கப் படிகள் எவருக்கும் எட்டக்கூடியவையே என்பது அவ்வுரையின் சாரம்.

படிகளைத் தாண்டிக் குதிப்பதன் இடர்ப்பாட்டிற்கும் அக்காலத்திலேயே ஒரு சான்று உண்டு. மிக்கேல் ஸ்டீஃபல் என்னும் லூத்தரன் போதகர், திருமறைச் சொற்களின் எழுத்துகளை எண்களாக மாற்றிக் கணக்கிட்டு, 1533 அக்டோபர் 19 அன்று உலகம் முடிவுறும் என்று தம் சபையாருக்கு அறிவித்தார். அந்நாள் வந்தது, கடந்தது, போதகர் காவலில் வைக்கப்பட்டார். அவரே பின்னர்க் கணிதத்தை முறையாகப் பயின்று, 1544இல் மெலாங்க்தனின் முன்னுரையோடு ஓர் அரிய கணித நூலை வெளியிட்டார். அடுக்குக்குறிகளைப் பற்றி இன்று பள்ளிகளில் கற்பிக்கப்படும் முறைக்கு அந்நூல் ஒரு முன்னோடி.

இம்மரபு அமெரிக்காவிற்கும் சென்றது. சாக்சனி நாட்டிலிருந்து குடியேறிய லூத்தரன் மக்கள், 1839இல் மிசூரி மாநிலத்துப் பெரி மாவட்டத்தில் மரக்கட்டைகளால் ஒரு சிறு பள்ளியை எழுப்பினர். உணவிற்கும் உறையுளுக்கும் அவர்கள் அல்லலுற்ற காலம் அது. எனினும் அப்பள்ளியின் தொடக்க அறிவிப்பிலேயே சமய பாடத்தோடும் பண்டை மொழிகளோடும் கணிதமும் இடம் பெற்றிருந்தது.

2. பாடங்களின் வரிசை

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இயற்கணிதம், வடிவ கணிதம், முக்கோணவியல் ஆகிய யாவும் ஒரே கணித நூலின் வெவ்வேறு இயல்களாக ஆண்டுதோறும் தொடர்ந்து கற்பிக்கப்படுகின்றன. அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் அவ்வாறன்று. அங்கு ஓராண்டிற்கு ஒரு கணிதப் பிரிவு என்பதே நெடுநாள் வழக்கம். உயர்நிலைப் பள்ளி என்பது ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான நான்கு ஆண்டுகளைக் குறிக்கும்.

முதலில் வருவது இயற்கணிதம் முதற் பகுதி. இதில் ஒருபடிச் சமன்பாடுகளும் வரைபடங்களும் இருபடிச் சமன்பாடுகளின் தொடக்கமும் அடங்கும். அடுத்த ஆண்டு வடிவ கணிதம்; நிறுவல் முறை இங்கே அறிமுகமாகும். அதன்பின் இயற்கணிதம் இரண்டாம் பகுதி. அடுக்குச் சார்புகள், மடக்கைகள், பல்லுறுப்புக் கோவைகள் இதற்குரியவை. நான்காவதாக முக்கோணவியலை உள்ளடக்கிய நுண்கணித முன்பாடம். இவை அனைத்தும் முடிந்த பின்னரே நுண்கணிதம். இந்த நுண்கணிதத்தைப் பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் பயின்று, காலேஜ் போர்டு 1950களிலிருந்து நடத்திவரும் பொதுத் தேர்வை எழுதுவோரும் உளர். அதில் உயர்ந்த மதிப்பெண் பெறுவோருக்குப் பல கல்லூரிகள் முதலாண்டுக் கணிதத்திலிருந்து விலக்கு அளிக்கின்றன.

தனியார் பள்ளிக்கு இதில் ஒரு சிறப்பு இடர்ப்பாடு உண்டு. அதன் ஒன்பதாம் வகுப்பிற்கு மாணவர் பல திசைகளிலிருந்து வருகின்றனர். சிலர் சபையின் தொடக்கப் பள்ளிகளிலும், சிலர் அரசுப் பள்ளிகளிலும், சிலர் வெளிநாடுகளிலும் பயின்றவர்கள். ஒரே பெயருள்ள பாடத்தை அவர்கள் ஒரே அளவிற் கற்றிருப்பார்கள் என்று கூற இயலாது. ஆதலின் சேரும்போதே ஒரு நிலையறி தேர்வை நடத்தி, எந்தப் பாடத்தில் மாணவரை அமர்த்துவது என்று பள்ளி முடிவு செய்கிறது.

3. வரிசையின் நியாயம்

முன்தகுதி என்பது முற்றிலும் மனிதர் வகுத்த தடை என்று கருதுவது பிழை. கணிதம் தன் இயல்பிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக எழும் கட்டடம். ஓர் எளிய எடுத்துக்காட்டைக் காண்போம்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு குழந்தை 1/2இலிருந்து 1/3ஐக் கழிக்கக் கற்கிறது. பகுதிகளைப் பொதுவாக்கி, 3/6 − 2/6 = 1/6 என விடை காண்கிறது. இயற்கணிதத்தில் அதே கணக்கு எண்களுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொண்டு வருகிறது. க, ச என்னும் இரு எழுத்துகளை எண்களாகக் கொண்டால், 1/(க+ச)இலிருந்து 1/கவைக் கழிக்க வேண்டும். முறை முன்னையதே: பகுதிகளைப் பொதுவாக்கினால், −ச/க(க+ச) என்பது கிடைக்கும். நுண்கணித வகுப்பில் அதே மாணவர் 1/க என்பதன் மாறும் வீதத்தைக் காண முற்படுகிறார். இப்பொழுது அவர் செய்ய வேண்டியது, மேலே கண்ட விடையைச் சவால் வகுத்து −1/க(க+ச) எனப் பெறுதலும், பின்னர்ச் சவைச் சுழியை நோக்கிச் சுருக்குதலுமே. விடை −1/க². புதிதாகக் கற்க வேண்டிய கருத்து இறுதிப் படியில் உள்ளது ஒன்றே. ஏனைய யாவும் ஐந்தாம் வகுப்புப் பின்னக் கணக்கே.

நுண்கணிதத்தில் தடுமாறும் மாணவர் பலர் நுண்கணிதக் கருத்தினால் தடுமாறுவதில்லை, பின்னத்தில் தடுமாறுகின்றனர். முன்தகுதியின் உண்மையான நியாயம் இதுவே. ஆயத்தமில்லாத மாணவரை மேல் வகுப்பில் அமர்த்துவது இரக்கமாகத் தோன்றலாம். விளைவில் அது கொடுமையே. எனக்குக் கணிதம் வராது என்னும் பொய்யான முடிவிற்கு அவரைத் தள்ளுவது அதுவே.

ஆயினும் எல்லா முன்தகுதிகளும் ஒரே தன்மையின அல்ல. இரண்டாம் பகுதி இயற்கணிதத்திற்கு முதற் பகுதி தேவை என்பது பாடத்தின் இயல்பிலிருந்து எழும் நிபந்தனை. ஆனால் இவ்விரண்டிற்கும் நடுவே வடிவ கணிதம் நின்றே ஆக வேண்டும் என்பதற்கு அத்தகைய வலிய காரணம் இல்லை. யூக்ளிட் தம் வடிவ கணிதத்தை இன்றைய இயற்கணிதக் குறியீடுகளின் துணையின்றியே கட்டியெழுப்பினார். ஹார்வர்டு கல்லூரி தன் நுழைவிற்கு 1820இல் இயற்கணிதத்தையும் 1844இல் வடிவ கணிதத்தையும் கோரியது. உயர்கல்வியின் இத்தகைய கோரிக்கைகளும், 1894இல் வெளிவந்த பதின்மர் குழு அறிக்கை போன்ற திட்டங்களும் பள்ளிகளின் பாட வரிசையை உருவாக்கின. இயல்பினால் வந்த நிபந்தனையையும் வழக்கத்தினால் வந்த நிபந்தனையையும் பிரித்தறிவது பள்ளித் தலைவர்களின் கடமை.

4. படி வேலியாகும் இடம்

மேற்கண்ட ஐந்து பாடங்களை நான்கு ஆண்டுகளில் ஒவ்வோராண்டும் ஒன்றாகப் பயின்று முடிக்க இயலாது. ஆகவே பன்னிரண்டாம் வகுப்பில் நுண்கணிதத்தை அடைய வேண்டுமாயின், எட்டாம் வகுப்பிலேயே இயற்கணிதத்தைத் தொடங்கியிருத்தல் வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் தொடங்குபவர் நுண்கணித முன்பாடத்தோடு நின்றுவிடுவார். எட்டாம் வகுப்பில் யார் இயற்கணிதம் பயில்வது என்பதோ பெரும்பாலும் ஆறாம், ஏழாம் வகுப்புகளிலேயே முடிவு செய்யப்படுகிறது. பொறியியலும் இயற்பியலும் பயில விரும்பும் பதினெட்டு வயது இளைஞர், தமக்கான வாயில் தாம் பன்னிரண்டு வயதில் இருந்தபோதே குறுகிவிட்டதைக் காண்கிறார். அம்முடிவை எடுத்தவர் அவரும் அல்லர். பல வேளைகளில் அதன் பொருளை அவருடைய பெற்றோரும் அறிந்திருக்கவில்லை. கற்றறிந்த பெற்றோர் முன்கூட்டியே விசாரித்துத் தம் பிள்ளைகளுக்கு வழி செய்துகொள்கின்றனர். ஏனையோர் விசாரிக்க வேண்டும் என்பதையே அறியார்.

இந்த அநீதியைத் தெளிவாகக் கண்டவர் ராபர்ட் மோசஸ். 1960களின் தொடக்கத்தில் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக உயிரைப் பணயம் வைத்துப் பாடுபட்ட அவர், கணித ஆசிரியர். எட்டாம் வகுப்பிலிருந்த தம் மகளின் பள்ளியில் இயற்கணிதம் கற்பிக்கப்படாததைக் கண்டு, தாமே கற்பிக்க முன்வந்தார். 1982இல் அம்முயற்சி 'அல்ஜீப்ரா பிராஜெக்ட்' என்னும் இயக்கமாக வளர்ந்தது. முந்தைய தலைமுறைக்கு வாக்குச் சீட்டு எத்தகையதோ, இத்தலைமுறைக்கு இயற்கணிதம் அத்தகையது என்பது 2021இல் மறைந்த அவர் இறுதிவரை கொண்டிருந்த கருத்து.

லூத்தரன் சபை வரலாற்றிலும் இதற்கு இணையான ஒரு நிகழ்ச்சி உண்டு. அலபாமா மாநிலத்து ரோசா யங் அம்மையார், வறிய கறுப்பினப் பிள்ளைகளுக்காக 1912இல் ரோஸ்பட் என்னும் சிற்றூரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பருத்தியைப் பூச்சி அழித்தமையால் பெற்றோர் கட்டணம் செலுத்த இயலாது போயிற்று. புக்கர் வாஷிங்டன் காட்டிய வழியில் அம்மையார் லூத்தரன் மறைப்பணிக் குழுவின் உதவியை நாடினார். 1916 முதல் அது லூத்தரன் பள்ளியாக இயங்கியது. செல்மா நகரில் 1922இல் தோன்றி, பின்னர்க் கல்லூரியாக வளர்ந்து, 2018இல் மூடப்பட்ட நிறுவனமும் அப்பணியின் கனியே. பிறர் அடைத்த வாயிலைத் திறந்துவிட்ட வரலாறு உடைய சபை, தன் பாடக் கையேட்டினால் வேறொரு வாயிலை அறியாமல் அடைத்துவிடலாகாது.

5. இருவகைத் தவறுகள்

தடையைக் கண்டு அஞ்சி, முன்னேறும் மாணவரையும் நிறுத்திவைப்பது தீர்வாகாது. சான் பிரான்சிஸ்கோ நகரத்து அரசுப் பள்ளிகள், சமத்துவத்தைக் கருதி 2014இல் எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தை நீக்கின. வசதியுடையோர் வெளியே கட்டணம் செலுத்தித் தம் பிள்ளைகளைப் பயிற்றுவித்தனர். நீண்ட வாதங்களுக்குப் பின் 2024இல் அதனை மீண்டும் கொண்டுவர அக்கல்விக் குழு முடிவு செய்தது. வேலியை அகற்றுவதாக எண்ணிப் படியையே அகற்றியதன் விளைவு இது. இதற்கு எதிரான தவறு, விதியை விதிக்காகவே காத்து, தேறாதவர் ஏன் தேறவில்லை என்று கேளாதிருத்தல்.

ஒரு முன்தகுதி படியா, வேலியா என்று அறிய எளிய உரைகல் ஒன்று உண்டு. 'உனக்கு இன்னும் தகுதியில்லை' என்று கூறும் பள்ளி, 'அத்தகுதியைப் பெற இதுவே வழி' என்றும் கூறுகிறதா? கூறுமாயின் அது படி. கூறாதாயின் அது வேலியே.

வழிகள் பலவுண்டு. வடிவ கணிதத்தையும் இரண்டாம் பகுதி இயற்கணிதத்தையும் ஒரே ஆண்டில் பயில அனுமதிக்கலாம்; இவற்றின் வரிசை பெரிதும் வழக்கத்தினால் வந்தது என்பதை மேலே கண்டோம். கோடை விடுமுறையில் ஒரு பாடத்தை முடிக்க வாய்ப்பளிக்கலாம். நிலையறி தேர்வை ஒருமுறையோடு நிறுத்தாது, ஆண்டிறுதியில் மறுபடியும் எழுத இடந்தரலாம். ஆறாம் வகுப்பிலேயே எல்லாப் பெற்றோரையும் அழைத்து இவ்வரிசையை விளக்கலாம். நுண்கணிதம் வேண்டாதவருக்குப் புள்ளியியலைத் தரம் குறையாத மாற்றுப் பாதையாக அமைக்கலாம். செவிலியர் பணிக்கும் சமூக ஆய்விற்கும் அதுவே மிகப் பயன்படும்.

6. முடிவுரை

இப்பள்ளிகளின் மாணவர் கணிதத்தோடு லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தையும் பயில்கின்றனர். 1529இல் வெளிவந்த அந்நூலின் முன்னுரையில், கற்பிக்கும் முறையை லூத்தர் வரிசைப்படுத்தினார். முதலில் சொற்களை மாறாத வடிவில் கற்பிக்க வேண்டும். பின்னர் அவற்றின் பொருளை விளக்க வேண்டும். அதன் பின்னரே பெரிய ஞானோபதேசத்திற்குச் செல்ல வேண்டும். முன்தகுதியின் ஒழுங்கு அங்கே தெளிவாகவே உண்டு. ஆனால் அவ்வொழுங்கு எவரையும் வெளியே நிறுத்துவதற்கு அன்று. எழுத்தறியாத நாட்டுப்புறக் குடும்பங்களையும் உள்ளே கொண்டுவருவதற்கு வகுக்கப்பட்டது.

கணிதப் பாடக் கையேட்டை எழுதுவோர் இம்முறையைக் கருத்திற் கொள்வாராக. தமிழகத்திலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு மேனிலைப் பாடப்பிரிவை ஒதுக்கும் நம் சபைப் பள்ளிகளின் நிருவாகிகள், அதே வினாவைத் தம்மிடமே கேட்டுக்கொள்ளுதல் நலம். நாம் மறுத்தனுப்பும் பிள்ளைக்கு நாம் காட்டும் வழி எது?