த பீப்பிள் ஆஃப் இந்தியா

த பீப்பிள் ஆஃப் இந்தியா என்பது பிரித்தானிய இந்தியாவின் சாதிகளையும் பழங்குடிகளையும் ஒளிப்படங்களுடன் விவரிக்கும் எட்டுத் தொகுதிகள் கொண்ட ஆங்கில நூல் ஆகும். ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன், ஜான் வில்லியம் கே ஆகியோர் தொகுத்த இந்நூல் 1868 முதல் 1875 வரை இலண்டனில் வெளியானது. தொடக்ககால ஒளிப்படக்கலை குடியேற்ற ஆட்சிக்குக் கருவியாகப் பயன்பட்டதற்கு இது முக்கியமான எடுத்துக்காட்டாகக் கருதப்படுகிறது.

தோற்றம்

தலைமை ஆளுநர் கானிங் பிரபுவும் அவர் மனைவியும் நாடு திரும்பும்போது நினைவாகக் கொண்டுசெல்ல இந்திய மக்களின் படங்களைச் சேகரிக்க விரும்பினர். படம்பிடிக்கத் தெரிந்த அதிகாரிகள் இதற்கு உதவினர். 1857 கிளர்ச்சிக்குப் பின், 1858இல் ஆட்சி கும்பினியிடமிருந்து பிரித்தானிய முடியாட்சிக்கு மாறியது. ஆளப்படும் மக்களை அறிந்து வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அரசிடம் வலுப்பெற்றதால், தனிப்பட்ட சேகரிப்பாகத் தொடங்கிய முயற்சி அரசுத் திட்டமாயிற்று.

உள்ளடக்கம்

நூலில் 460க்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள் உள்ளன. அவை அச்சிடப்பட்டவை அல்ல. ஆல்புமின் தாளில் படியெடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் ஒட்டப்பட்டவை. அக்காலத்தில் வழக்கிலிருந்த ஈரத்தகட்டு முறையில், படம் தெளிவாக விழ எதிரில் இருப்பவர் சில நொடிகள் அசையாமல் இருக்க வேண்டும். எனவே இவை இயல்பான வாழ்க்கைக் காட்சிகள் அல்ல. படம்பிடிப்பவர் சொன்னபடி உட்கார்ந்தும் நின்றும் எடுக்கப்பட்டவை.

பரப்புரைத் தன்மை

பல படங்களில் இருப்பவரின் பெயர் இல்லை. சாதி அல்லது குலத்தின் பெயரே உள்ளது. ஒருவரின் முகம் ஒரு கூட்டம் முழுவதற்கும் மாதிரியாக வைக்கப்பட்டது. உடன் வரும் குறிப்புகள் அரசுக்கு விசுவாசமானவர்கள், நம்பத்தகாதவர்கள், கொள்ளையிடுபவர்கள் என்றெல்லாம் மக்களை வகைப்படுத்தின. இத்தகைய குணங்களைப் படம் காட்ட முடியாது. ஆயினும் படத்தின் அருகில் எழுதப்பட்டதால் அவை கண்ணால் கண்ட சான்றுபோல் தோன்றின. சில குலங்களைப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதிய குற்றப் பரம்பரைச் சட்டமும், இத்தொகுதிகள் வெளிவந்துகொண்டிருந்த 1871ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது.

எதிர்வினை

1869இல் இலண்டன் சென்ற சர் சையது அகமது கான், தம் மகன்களுடன் இந்தியா அலுவலகத்தில் இந்நூலைப் பார்த்தார். இந்தியர்கள் ஏறக்குறைய விலங்குகளைப்போல் காட்டப்பட்டிருப்பதாக வருந்தினார். அப்போது அங்கிருந்த இளம் ஆங்கிலேயர் ஒருவர் அவர் மகன் மகமூதிடம், "நீங்கள் இந்துஸ்தானியா?" என்று கேட்டார். மகமூது ஆம் என்று சொல்லிவிட்டு, தம் முன்னோர் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று உடனே சேர்த்துக்கொண்டார். படித்த இளைஞர் ஒருவரையே சொந்த நாட்டு மக்களிடமிருந்து விலகி நிற்கச் செய்யும் ஆற்றல் அப்படங்களுக்கு இருந்தது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

இன்றைய நிலை

பிரித்தானிய நூலகம், நியூயார்க் பொது நூலகம் ஆகியவற்றில் இந்நூலின் படிகள் உள்ளன. 19ஆம் நூற்றாண்டின் உடை, அணிகலன், கருவிகள் ஆகியவற்றை அறிய ஆய்வாளர்கள் இப்படங்களைப் பயன்படுத்துகின்றனர். உடன் உள்ள குறிப்புகளோ, படம்பிடிக்கப்பட்டவர்களைவிட ஆட்சியாளர்களின் பார்வையையே அதிகம் வெளிப்படுத்துகின்றன.