பி.பி. கருவியைக் கையில் எடுக்குமுன்...

இப்போது பல வீடுகளில் தெர்மாமீட்டருக்குப் பக்கத்திலேயே பி.பி. பார்க்கும் கருவியும் இடம் பிடித்துவிட்டது. பட்டையைக் கையில் சுற்றிப் பட்டனை அமுக்கினால் எண் வந்துவிடுகிறது. "இதற்குப் போய் யாராவது பயிற்சி எடுப்பார்களா?" என்று கேட்கத் தோன்றும். பட்டனை அமுக்கக் குழந்தைக்குக்கூடத் தெரியும்தான். ஆனால் வருகிற எண் மெய்யா பொய்யா என்பது, அமுக்குவதற்கு முன்னால் நாம் செய்கிற காரியங்களில் இருக்கிறது!

ஊசி வேண்டாம், வலி இல்லை

இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார், குதிரையின் ரத்தக் குழாயில் ஒரு குழாயைச் செருகி, ரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று அளந்து 1733-ல் எழுதி வைத்தார். பாவம் அந்தக் குதிரை! கையில் பட்டை கட்டிக் காற்றடித்து அளக்கும் முறையை இத்தாலி டாக்டர் ரிவா-ரோச்சி 1896-ல் கொண்டுவந்தார். ஸ்டெதஸ்கோப் வைத்து ஒலியைக் கேட்டு, மேல் அளவு, கீழ் அளவு இரண்டையும் சொல்லும் முறையை ரஷ்ய டாக்டர் கொரோட்காவ் 1905-ல் தந்தார். நம் வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் ஒலியைக் கேட்பதில்லை. ரத்தக் குழாய் துடிக்கும்போது பட்டைக்குள் உண்டாகும் அதிர்வை வைத்துக் கணக்குப் போடுகின்றன. கை அசைந்தால் கணக்குத் தப்பிவிடும்.

வீடு தேடி வரும் பெண்கள்

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண்களே பயிற்சி பெற்று, வீடு வீடாக வந்து பி.பி.யும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நம்மைப் போல் அடுப்படி வேலையை முடித்துவிட்டு வருகிறவர்கள்தான்!

எங்கள் தெருவுக்கு வருகிற பெண்ணைப் பார்த்ததும் என் மாமியார் ஊர்க்கதையை ஆரம்பித்துவிடுவார். "பாட்டி, அஞ்சு நிமிஷம் பேசாம உக்காருங்க. கதையெல்லாம் அப்புறம் கேக்கறேன்" என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். மாமியாருக்கு முகம் சுருங்கும். ஆனால் பேசிக்கொண்டே பார்த்தால் எண் ஏறித்தான் காட்டும். அந்த ஐந்து நிமிஷத்தைக் கண்டிப்பாகக் கேட்டு வாங்கத் தெரிவதுதான் பயிற்சி.

அவளிடம் கற்றுக்கொள்ள வேண்டியவை:

* பார்ப்பதற்கு அரை மணி முன்பு காபி, டீ வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து உட்காரவும்.
* முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதம் தரையில் பதிய வேண்டும். கட்டிலில் கால் தொங்கவோ, கால்மேல் கால் போட்டோ உட்காரக் கூடாது.
* கையை மேஜைமேல் நெஞ்சு மட்டத்தில் வைக்கவும். தொங்கவிட்டால் எண் கூடும்.
* பட்டை, துணிமேல் இல்லாமல் வெறும் கையில் இருக்க வேண்டும். இறுக்கமான ரவிக்கைக் கையை மேலே சுருட்டினால் அதுவே ஒரு கட்டுப்போல் ஆகிவிடும். தளர்ந்த ரவிக்கை நல்லது.
* பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் இல்லாத பி.பி.யைக் காட்டும். வாங்கும்போதே கையின் சுற்றளவைச் சொல்லி வாங்கவும்.
* ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, தேதியோடு நோட்டில் எழுதவும். காலையும் மாலையும் ஒரு வாரம் எழுதினால் டாக்டருக்கு மிகவும் உதவும்.

வீட்டில் பார்த்த சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். 180/120-க்கு மேல் போய், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போதல் இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு 140/90 வந்தாலே அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீர் முகவீக்கம் இருந்தால் "பிரசவ நேரத்தில் இதெல்லாம் சகஜம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சான்றிதழ் எதற்கு?

பி.பி.யைச் சரியாகப் பார்ப்பது எப்படி என்று பான் அமெரிக்கன் சுகாதார நிறுவனம் இணையத்தில் ஒரு பாடமே வைத்திருக்கிறது. படித்துத் தேர்வில் தேறினால் சான்றிதழ் உண்டு. கருவிக்கும் ஒரு பரீட்சை உண்டு. பலர் கையில் கட்டிப் பார்த்து, சரியாகக் காட்டுகிறதென்று முறைப்படி சோதித்த கருவிதானா என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஆனால் ஒன்று. பயிற்சி பெற்றவர் அளந்து, எழுதி, டாக்டரிடம் அனுப்பலாம். மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ அவருக்கே உரிமை இல்லை. நமக்கு எப்படி இருக்கும்?

எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவர் ஒருநாள் 120 என்று வந்ததும், "குணமாயிடுச்சு" என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். மாத்திரை சாப்பிட்டதால்தானே 120! சில வாரங்களில் ஒரு விடியற்காலை அவருக்கு வாய் கோணிக்கொண்டது. உயிர் பிழைத்தார். ஆனால் வலது கையால் இன்னும் சோறு பிசைய முடியவில்லை. அந்த அம்மாள்தான் ஊட்டிவிடுகிறாள்.

ஆகவே சகோதரிகளே, அடுத்த முறை அந்தப் பெண் வரும்போது உங்கள் வீட்டுக் கருவியையும் எடுத்துக் காட்டுங்கள். நீங்கள் பட்டை கட்டுவதை அவளைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கருவியும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று ஒத்துப் பாருங்கள். பத்து நிமிஷ வேலைதான்!